மரப் படிக்கட்டு: பாலிஷ்காரர் மட்டும் போதுமா, தச்சரும் வேணுமா?

மிதிபலகை14 | ஜூன் 3, இரவு 9:12

வீட்டுக்குள்ள இருக்கிற மரப் படிக்கட்டு. 14 படி. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் மரக் கைப்பிடி, படிக்கு ரெண்டு வீதம் 28 கடைசல் கம்பு. நடுவுல நாலு படி கறகறங்குது. கீழ்முனைத் தூண் ஆடுது. கால் படுற இடம் வெளுத்துப் போச்சு, ரெண்டு படியில மூக்கு (முன்விளிம்பு) சில்லுப் பேந்திருக்கு. வந்து பார்த்த பாலிஷ்காரர், "தேய்ச்சு, பட்டி பார்த்து, மூணு கோட் பி.யூ. (பாலியூரித்தேன் பூச்சு) அடிச்சுடலாம், ரெண்டு நாள் வேலை, தச்சர் எதுக்கு தண்டம்" என்கிறார். எனக்கும் அதுதான் சரின்னு படுது. இடுக்குல பட்டி இறுக்கிட்டா ஆட்டமும் சத்தமும் நின்னுடாதா?

உளி | ஜூன் 3, இரவு 10:05

நிக்காது. பட்டி இடுக்கை மறைக்கும், பிடிக்காது.

சத்தம் எங்கேருந்து வருதுன்னு பாருங்க. மரம் காய்ஞ்சு சுருங்கும்போது மிதிபலகைக்கும் அதுக்குக் கீழே நிக்கிற முகப்புப் பலகைக்கும் நடுவுல அரை மில்லிமீட்டர் விட்டாலே போதும். கால் வச்சா பலகை இறங்கும், எடுத்தா ஏறும். மரம் மரத்தோடயோ பழைய ஆணியோடயோ உரசும். அந்த இடுக்குல பட்டி வச்சா சில வாரத்துல பொடிஞ்சு, பி.யூ.க்கு அடியில வெள்ளைக் கோடா தெரியும். அதுக்கப்புறம் அதைச் சரி பண்ண மறுபடி மொத்தத்தையும் தேய்க்கணும்.

படிக்கு அடிப்பக்கம் திறந்திருந்தா வேலை சுலபம். பக்கப்பலகை (படிகளை ஓரத்துல தாங்குற சாய்வுப் பலகை) பள்ளத்துல இருக்கிற ஆப்பைக் கழட்டி, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை தடவி, கொட்டாப்புளியால திரும்ப அடிச்சு இறுக்கணும். மிதிபலகையும் முகப்புப் பலகையும் சேர்ற மூலையில 50 மி.மீ. நீள முக்கோணக் கட்டை, படிக்கு ரெண்டோ மூணோ. பின்பக்கத்துலேருந்து முகப்புப் பலகை வழியா மிதிபலகையின் பின்விளிம்புல மூணு ஸ்க்ரூ.

அடிப்பக்கம் பூசி மூடியிருந்தா மேலேருந்துதான் பண்ணணும். 50 மி.மீ. ஸ்க்ரூ, 3 மி.மீ. முன்துளை, தலை உள்ளே போக 10 மி.மீ. அகலத் துளை, மேலே துளையை மூட அதே மரத்துல முளை. முகப்புப் பலகை 18–20 மி.மீ. தடிமன்தான் இருக்கும். துளை அதோட நடுவுல விழலேன்னா பலகை பிளந்துடும். ஸ்க்ரூ இறங்கும்போது ஒரு ஆள் படி மேல நிக்கணும், இல்லேன்னா இடுக்கு அப்படியே இருக்க ஸ்க்ரூ மட்டும் இறுகும்.

அரக்கு | ஜூன் 4, காலை 7:30

உளி சொல்வது சரி. ஆனால் பாலிஷ்காரரை முழுதாகக் குறை சொல்ல முடியாது. அவரிடம் கேட்டது பாலிஷுக்கு விலை, அதைத்தான் சொல்லியிருக்கிறார். என் சந்தேகம் வேறு. இப்போது மரத்தின் மேல் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே பி.யூ. என்று எப்படி முடிவு செய்தார்?

கண்ணில் படாத மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அரை நிமிடம் தேயுங்கள். பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பாக ஏறினால் அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் லேக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷ் அல்லது பி.யூ. மேலே மெழுகு இருக்கிறதா என்பதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர்: பத்து நிமிடத்தில் அடியில் வெள்ளைத் தடம் விழுந்தால் பெரும்பாலும் மெழுகு.

ஏன் இது முக்கியம் என்றால், சாதாரண அரக்கில் இயற்கையாகவே மெழுகு உண்டு. அதன் மேல் பி.யூ. ஒட்டாமல் தோலாக உரியும். மரச்சாமான் பளபளக்க அடிக்கும் ஸ்பிரேயில் சிலிக்கான் இருந்தால் புது பூச்சு மீன்கண் போல வட்ட வட்டமாக விலகும். இரண்டுமே அடித்து முடித்த பிறகுதான் தெரிய வரும்.

மிதிபலகை14 | ஜூன் 4, மாலை 6:48

பார்த்தேன். கைப்பிடியிலும் கம்பிலும் ஸ்பிரிட்டுக்குப் பிசுபிசுத்தது, பஞ்சு பழுப்பாச்சு. மிதிபலகைல ரெண்டுக்கும் அசையல. முகப்புப் பலகை பெயிண்ட், ரொம்பப் பழசு, மூணு நாலு அடுக்கு தெரியுது. அடிப்பக்கம் திறந்துதான் இருக்கு, சாமான் போட்டு வைக்கிற இடம்.

அளவுகோல் | ஜூன் 4, இரவு 8:20

பழைய பெயிண்ட் நாலு அடுக்கா? அதில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் உப்புத்தாளை வைக்கக் கூடாது. அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 1978-ல்தான் தடை செய்தார்கள்; பல நாடுகளில் அதற்கும் பின்னால். சோதனைக் குச்சி கிடைக்கும், எல்லா அடுக்கும் தெரியும்படி சாய்வாக வெட்டித் தேய்த்துப் பார்க்க வேண்டும். ஈயம் உண்டு என்றால் உலர் தேய்ப்பும் கிடையாது, தீ காட்டி உரிப்பதும் கிடையாது. பெயிண்ட் ரிமூவர் தடவி ஈரமாகவே சுரண்டுவது, அல்லது பெயிண்ட் கெட்டியாக ஒட்டியிருந்தால் அதைத் தொடாமல் மேலேயே புதுப் பெயிண்ட் அடிப்பது. முகப்புப் பலகையில் யாரும் நடக்கப் போவதில்லை, இரண்டாவதே போதும்.

உளி | ஜூன் 4, இரவு 11:31

நேத்து நான் சொன்னதுல ஒரு திருத்தம். ஆப்பு, ஆப்புன்னு சொல்லிட்டேன். உங்க படிக்கட்டுல ரெண்டு பக்கமும் ஆப்பு இருக்காது.

கம்பு மிதிபலகை மேலேயே நிக்குது, இல்லையா? அப்போ கைப்பிடிப் பக்கத்துப் பக்கப்பலகை பல் பல்லா வெட்டினது. மிதிபலகை அது மேல உட்கார்ந்து வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். பள்ளமும் ஆப்பும் சுவர்ப் பக்கம் மட்டும்தான். கைப்பிடிப் பக்கத்துல ஆணியும் பசையும்தான் தாங்குது. பெரும்பாலும் சத்தமும் அங்கேருந்துதான். அந்தப் பக்கம் அடியில மரக்கட்டையோ இரும்புக் கோணமோ வச்சு மிதிபலகையைப் பக்கப்பலகையோட பிடிக்கணும்.

இன்னொண்ணு. நல்ல பழைய வேலையில கம்பின் அடிமுனை புறாவால் வெட்டா (புறாவோட வால் மாதிரி முனை விரிஞ்ச வெட்டு) மிதிபலகையின் பக்கவிளிம்புல செருகியிருக்கும். அதை மறைச்சு ஒரு பக்கமூக்குப் பட்டை ஒட்டியிருப்பாங்க. கம்பு ஆடினா அந்தப் பட்டையை எடுத்தாத்தான் இணைப்பு தெரியும். பாலிஷ் அடிச்ச பிறகு பட்டையைக் கழட்டினா பூச்சு கிழியும். தச்சு வேலை முதல்ல, பாலிஷ் பின்னாலங்கிறது இதுக்காகத்தான்.

பழைய பசை வஜ்ரமா (மாட்டுத் தோல், எலும்புப் பசை) இருந்தா சுடுதண்ணி ஒத்தடத்துக்கு இளகிடும். அதை முழுசா எடுக்காம வெள்ளைப் பசையை ஊத்துறவரை அனுப்பிடுங்க. வெள்ளைப் பசை வெறும் மரத்தைத்தான் பிடிக்கும், பழைய பசையைப் பிடிக்காது.

மிதிபலகை14 | ஜூன் 5, காலை 6:55

பட்டை இருக்கு. ஆறாவது படியில ஏற்கெனவே பாதி பிரிஞ்சிருக்கு. தூணுக்கு என்ன?

உளி | ஜூன் 5, மதியம் 1:10

தூண் உச்சியைப் பிடிச்சு தள்ளுங்க, இன்னொருத்தர் அடியில விரல் வச்சுப் பார்க்கட்டும். அடி அசைஞ்சா தரைப் பிடிப்பு போச்சு. அடி கல்லு மாதிரி நின்னு மேல மட்டும் ஆடினா கைப்பிடியும் தூணும் சேர்ற இடத்து போல்ட் தளர்ந்திருக்கு. அந்த போல்ட் கைப்பிடிக்கு அடியில முளையால மூடின துளைக்குள்ள இருக்கும். முளையை எடுத்து நட்டைத் திருகினா பாதி கேஸ் முடிஞ்சிடும்.

அடி அசைஞ்சா தூணைக் கழட்டித்தான் ஆகணும். கான்கிரீட் தரைன்னா 12 மி.மீ. திருகுக் கம்பி, தரைக்குள்ள 100 மி.மீ., எபாக்ஸியில. தூணுக்குள்ள குறைஞ்சது 120 மி.மீ. போகணும். கூடவே முதல் படிப் பக்கப்பலகையோட ரெண்டு 10 மி.மீ. போல்ட், தலைக்கு அடியில அகல வாஷர். மர உத்தரத் தரைன்னா உத்தரத்துக்கு நடுவுல குறுக்குக்கட்டை போட்டு அதுல போல்ட். பழைய ஓட்டை பக்கத்துலயே சாய்வா நீள ஆணி அடிக்கிறவங்க உண்டு. அது ஆறு மாசம் நிக்கும், அதுக்குள்ள அவர் போன் நம்பர் மாறிடும்.

அளவுகோல் | ஜூன் 5, மதியம் 2:02

தூண் சரியாகிவிட்டதா என்பதற்கு அளவு உண்டு. அமெரிக்க வீட்டு விதியில் கைப்பிடி, தடுப்பின் மேல் எந்த இடத்திலும் எந்தத் திசையிலும் 200 பவுண்டு, அதாவது 90 கிலோ விசையைத் தாங்க வேண்டும். கையால் ஆட்டிப் பார்ப்பது போதாது. இடுப்பை வைத்து முழு உடம்பையும் சாய்த்துப் பாருங்கள். கம்பு இடைவெளியையும் அளந்துவிடுங்கள்: 100 மி.மீ. பந்து நுழையக் கூடாது என்பதுதான் பெரும்பாலான விதிகளின் கணக்கு. 250 மி.மீ. ஆழப் படியில் 40 மி.மீ. கம்பு இரண்டென்றால் இடைவெளி 85, கவலை இல்லை. ஆனால் கடைசல் கம்பு இடுப்பில் மெலிந்திருக்கும், அங்கே அளக்க வேண்டும்.

மாடிவாசல் | ஜூன் 5, இரவு 9:40

இடையில் ஒரு கேள்வி. இவ்வளவு தேய்ப்பதற்குப் பதில் பழைய மிதிபலகை மேலேயே 18 மி.மீ. புதுப் பலகை ஒட்டினால் என்ன? எல்லாப் படியும் ஒரே அளவு உயர்வதால் வித்தியாசம் வராதே.

அளவுகோல் | ஜூன் 5, இரவு 10:15

நடுப்படிகளுக்கு வராது. முதல் படிக்கும் கடைசிக்கும் வரும். தரை உயரவில்லை, மாடித் தளமும் உயரவில்லை. படி உயரம் 175 என்றால் கீழே முதல் ஏற்றம் 193, மேலே கடைசி ஏற்றம் 157. வித்தியாசம் 36 மி.மீ. அதே அமெரிக்க விதி ஒரு படிக்கட்டில் மிக உயர்ந்த ஏற்றத்துக்கும் மிகத் தாழ்ந்ததற்கும் அனுமதிப்பது 9.5 மி.மீ. கால் கணக்கு வைத்துத்தான் ஏறுகிறது, கண் அல்ல. கடைசிப் படியில் தடுக்கி விழுவது இப்படித்தான். கைப்பிடி உயரமும் 18 குறையும். தரையையும் மாடித் தளத்தையும் அதே அளவு உயர்த்தப் போகிறீர்கள் என்றால் மட்டும் சரி. இல்லையென்றால் பழைய மிதிபலகையைக் கழற்றி அதே தடிமனில் புதியது.

மாடிவாசல் | ஜூன் 5, இரவு 10:21

விட்டுட்டேன்.

அரக்கு | ஜூன் 6, காலை 8:05

தேய்ப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

முதலில் கழுவல். கைப்பிடி கறுத்துப் பிசுக்கென்று இருப்பது கை எண்ணெயும் வியர்வையும் அரக்கை இளக்கியதால். டர்பன்டைனில் துணி நனைத்து அழுக்கை எடுக்காமல் உப்புத்தாள் வைத்தால் எண்ணெய் மரத்துக்குள் போகும், தாளும் அடைத்துக்கொள்ளும்.

மிதிபலகைக்கு 80, 120, 150 எண் தாள். ஒன்றைத் தாண்டிக் குதித்தால் 80-இன் கீறல் 150-க்குப் போகாது. ஸ்டெய்ன் (மரத்துக்கு நிறமேற்றும் சாயம்) அடித்ததும் சுருள் சுருளாகத் தெரியும். 150-க்கு மேல் போனால் மரம் பளிங்காகி ஸ்டெய்ன் குறைவாகத்தான் ஏறும். கைப்பிடி, கை படும் இடம் என்பதால் 220 வரை போகலாம். பலகையின் வெட்டுமுகம் ஸ்டெய்னைக் கூடுதலாகக் குடிக்கும், அங்கே ஒரு எண் நுணுக்கமாகத் தேய்த்தால் கருக்காது. சுவரோரமும் மூலையும் மெஷினுக்கு எட்டாது, அங்கே இரும்புச் சுரண்டி. "மெஷின்லயே எல்லாம் வந்துடும்" என்பவர் மூலையைத் தேய்க்கப் போவதில்லை.

கடைசல் கம்பைத் தேய்த்தால் விளிம்புகள் மழுங்கும். உங்களுடையது அரக்கு, அதிர்ஷ்டம்: ஸ்பிரிட்டும் எஃகுப் பஞ்சுமே கரைத்து எடுத்துவிடும். ஜன்னல் திறந்து, பக்கத்தில் நெருப்பில்லாமல். ஒரு கம்புக்கு அரை மணி என்றாலும் 28 கம்புக்கு 14 மணி. இதில் ரெண்டு நாள் எங்கே வருகிறது?

உளி | ஜூன் 6, காலை 8:30

"ரெண்டு நாள்" ஒரு தொழில்முறை அளவு. எத்தனை நாள்னு இதுவரை யாரும் அளந்ததில்ல.

மிதிபலகை14 | ஜூன் 6, மாலை 7:14

மிதிபலகை கெட்டி மரம்தான், 28 மி.மீ. ஆனா சுவரோரத்துல ரெண்டு படியில குண்டூசித் துளை, கீழே மாவு மாதிரி தூள்.

உளி | ஜூன் 6, இரவு 9:02

உளுத்திருக்கு. தூளைப் பெருக்கிட்டு கறுப்புத் தாள் விரிங்க. சில வாரத்துல மறுபடி விழுந்தா புழு இன்னும் உள்ளே இருக்கு. துளை விளிம்பு கறுத்து, தூளும் விழலேன்னா பழைய கதை. இந்த மாவு வண்டு பெரும்பாலும் வைரம் பாயாத வெளிர்ப்பகுதியைத்தான் தின்னும், அதனால ஓரத்தோட நிக்கலாம். ஸ்க்ரூடிரைவர் முனையால குத்துங்க. உள்ளே இறங்கினா அந்தப் பலகையை மாத்தணும். இறங்கலேன்னா போரேட் (பூச்சியைக் கொல்ற உப்பு) கரைசல். அது வெறும் மரத்துலதான் ஊறும். தேய்ச்ச பிறகு, சீலருக்கு (மரத்தை அடைக்கிற அடிப்பூச்சு) முன்னால அடிச்சாத்தான் பலன். நல்லா காயணும்.

மூக்கு சில்லும் பட்டி வேலை இல்ல. முழு எடையும் அங்கதான் விழுது. 30–40 மி.மீ. அகலத்துக்கு நேரா அறுத்து எடுத்துட்டு, ரேகை ஒரே திசையில ஓடுற துண்டை ஒட்டி, கிளாம்ப் போட்டு, அப்புறம் இழைப்புளி.

அரக்கு | ஜூன் 7, காலை 7:50

எந்தப் பூச்சு? மிதிபலகைக்கு பி.யூ. கைப்பிடிக்கு மறுபடி அரக்கு அடிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், பழைய நோய் திரும்பும்.

எண்ணெய் பி.யூ. மஞ்சளாகும், வாசனை, கோட்டுக்குக் கோட் ஒரு நாள் காய வேண்டும். முழுசாக இறுக ஒரு மாதம் வரை. நீர் பி.யூ. இரண்டு முதல் நாலு மணியில் அடுத்த கோட், ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்தில் இறுகும், நிறம் மாறாது, ஆனால் மரநாரை எழுப்பும். அதனால் முதலில் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு 220-ல் லேசாகத் தடவ வேண்டும். நடந்துகொண்டே வேலை நடக்க வேண்டிய வீட்டுக்கு நீர்தான்.

முழுப் பளபளப்பு வேண்டாம். சாட்டின் (அரைப் பளபளப்பு) அல்லது மேட் (மங்கல்). மூன்றாவது கோட்டில் வழுக்காத் தூள் கலக்கச் சொல்லுங்கள், மிதிபலகைக்கு மட்டும்.

அளவு: மிதிபலகை 1 மீட்டர் × 28 செ.மீ. என்றால் 14-க்கு ஏறத்தாழ 4 சதுர மீட்டர். மூன்று கோட் 12. லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று வைத்தால் 1.2 லிட்டர். இரண்டு லிட்டர் டின் தாராளம்.

அளவுகோல் | ஜூன் 7, காலை 9:33

கம்பை மறந்துவிட்டீர்கள். 40 மி.மீ. கம்பைச் சதுரமாக வைத்துக் கணக்கிட்டால் சுற்றளவு 16 செ.மீ., உயரம் 90 செ.மீ.; 28 கம்புக்கு 4 சதுர மீட்டர். மிதிபலகைக்குச் சமம்! கைப்பிடி இன்னொரு 1.25. மூன்று கோட்டுக்கு இது மட்டும் 16 சதுர மீட்டர். மொத்தம் 28, சேதாரத்தோடு 3 லிட்டருக்கு மேல்.

அரக்கு | ஜூன் 7, காலை 9:50

உண்மை. தவறு என்னுடையது. சொல்ல வந்தது இதுதான்: ஒரு லிட்டர் டின்னோடு வந்து "மூணு கோட் அடிச்சாச்சு" என்றால் கணக்கு உதைக்கிறது. டின்னை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள், காலி டின்னை எடுத்துப் போக விடாதீர்கள்.

மிதிபலகை14 | ஜூன் 7, இரவு 8:00

மாடிக்கு வேற வழி கிடையாது. ஒண்ணு விட்டு ஒண்ணு படி அடிக்கலாமா?

உளி | ஜூன் 7, இரவு 8:26

அடிக்கலாம். ஒவ்வொரு மிதிபலகையும் தனித் துண்டு, இணைப்புக் கோடு தெரியாது. காய்ஞ்ச படியில டேப் ஒட்டி அடையாளம் வைக்கணும், ராத்திரியில கணக்கு மறந்துடும். ரெண்டு ரெண்டு படியா தாண்ட முடியாதவங்களைக் கீழேயே படுக்க வைங்க. முக்கியமா, கைப்பிடியையும் மிதிபலகையையும் ஒரே நாள் ஈரமா வைக்காதீங்க. தாண்டி ஏறும்போது பிடிக்க ஏதாவது இருக்கணும்.

நீர் பி.யூ.ன்னா காலையில ஆரம்பிச்சு ஒரு பாதிக்கு மூணு கோட், 24 மணி கழிச்சு சாக்ஸ் காலோட நடக்கலாம், அப்புறம் மறுபாதி. எண்ணெய்ன்னா ஒரு வாரம் ஓடிடும்.

மிதிபலகை14 | ஜூன் 9, இரவு 9:20

பாலிஷ்காரர் தச்சரோட வர ஒத்துக்கிட்டார். தாள்ல எழுதினது:

தச்சு வேலை முதலில்; 14 படியிலும் ஓரம், நடு, ஓரம்னு மிதிச்சுப் பார்த்து, தூண்ல சாய்ஞ்சு பார்த்த பிறகே முதல் கோட். மூக்கு ரெண்டுக்கும் மரத்துண்டு, பட்டி இல்ல. உளுத்த ரெண்டுக்கும் போரேட். நீர் பி.யூ., சாட்டின், மூணு கோட், நடுவுல 320 தாள். முகப்புப் பலகை ஈயச் சோதனைக்கு அப்புறம் பெயிண்ட். பணம் நாலு பங்கு: பொருளுக்கு முன்பணம், தச்சு முடிஞ்சதும், பூச்சு முடிஞ்சதும், கடைசி பத்தில் ஒரு பங்கு மூணு வாரம் கழிச்சு.

அளவுகோல் | ஜூன் 9, இரவு 9:58

புதிதாகச் சத்தம் வந்தால் யார் வருவது? "இணைப்புக்குத் தச்சர், பூச்சுக்குப் பாலிஷ்காரர்" என்று பிரித்தால் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். இருவருக்கும் சேர்த்து ஒருவர் பெயரில் எழுதுங்கள். எத்தனை மாதம் என்றும்.

அரக்கு | ஜூன் 10, காலை 7:15

நிறம் எழுதவில்லை. பட்டியலைப் பார்த்து நிறம் சொல்லாதீர்கள். கழற்றிய பழைய மூக்குத் துண்டில், அதே தேய்ப்பு, ஸ்டெய்ன், இரண்டு கோட் அடித்துப் படிக்கட்டு வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்து, பிடித்த துண்டில் இரண்டு பேரும் கையெழுத்து. ஒட்டிய புதுத் துண்டு பழைய மரத்தை விட வெளுப்பாகத் தெரியும், அதற்குத் தனி மாதிரி.

ஸ்டெய்ன் எண்ணெய் வகை என்றால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட விடாதீர்கள், உங்களுடைய சாமான் அறையில் நிச்சயமாகக் கூடாது. எண்ணெய் காயும்போது சூடேறும். குவியலில் தானே பற்றிக்கொள்ளும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவைப்பது, அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள இரும்பு டின்.

மிச்ச பி.யூ.வை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய டின்னில் காற்று இருந்தால் தோல் கட்டும். சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் வாய் வரை நிரப்பி, பெயர், சாட்டின், தேதி ஒட்டி வையுங்கள். மங்கல் தரும் தூள் அடியில் தங்கும், எடுக்கும்போது குச்சியால் கலக்க வேண்டும். குலுக்கினால் குமிழ் வரும்.

மிதிபலகை14 | ஜூன் 10, காலை 7:41

பாட்டில் கழுவி வச்சாச்சு. ஈயக் குச்சி நிறம் மாறலை, ஆனா முகப்புப் பலகையில ஒரு அடுக்குதான் வெட்டினேன். மீதியையும் வெட்டிப் பார்த்துட்டு வரேன்.